கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் படித்தவர்கள்

ஏற்காடு என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஏரி, படகு, காபித் தோட்டம், அப்புறம் சேலத்திலிருந்து மேலே ஏறும்போது வயிற்றைக் கலக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை! ஆனால் கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் விடாமல் கேட்கிற கேள்விகள் சில உண்டு. எந்தப் புத்தகத்தைப் படிப்பது? செய்து பார்க்க மெஷின் எங்கே கிடைக்கும்? கடைசி வருடம் என்ன புராஜெக்ட் செய்வது? இதையெல்லாம் தமிழிலேயே படிக்க முடியாதா? இந்தக் கேள்விகளின் வரலாற்றைத் தேடிப் போனால், அதில் ஒரு பகுதி இந்த மலையடிவாரத்திலேயே கிடைக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே தெரிகிறதே சேலம், அங்கே. அதுவும் கம்ப்யூட்டர் என்ற சாமானே உலகத்தில் இல்லாத காலத்தில்.

1916ஆம் வருடம். சேலத்தில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தார் ராஜாஜி. அறிவியலைத் தமிழில் சொல்ல வார்த்தைகள் இல்லை என்ற புகாருக்குப் பதில் தேட நினைத்து, வெங்கடசுப்பையர் என்பவருடன் சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கத்தையே தொடங்கினார். அதற்கு ஒரு பத்திரிகையும் உண்டு. வேதியியல், இயற்பியல், தாவரவியல், கணிதம், வானவியல் எல்லாவற்றுக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் அவர்களுடைய வேலை. பின்னாளில் அதே ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். தலைப்பைப் பாருங்கள். ரசாயனத்தைப் பரிசோதனைச் சாலையிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார்!

இதில் ஒரு வேடிக்கை. சங்கம் தொடங்கிய அடுத்த வருடமே, 1917இல், மலைக்கு மேலே ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கப்பட்டது. ஆங்கிலவழி உறைவிடப் பள்ளி. இன்றுவரை பேர்பெற்ற பள்ளி அது. கீழே ஒரு சின்ன சங்கம் 'தமிழில் சொல்ல முடியுமா' என்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, மேலே ஆங்கிலத்தில் பாடம் நடக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு எல்லாப் படிப்புக்கும் நடந்த கதை இதுதான், கம்ப்யூட்டர் படிப்பையும் சேர்த்து.

சரி, மொழி ஒரு பக்கம் இருக்கட்டும். மெஷின்?

சேலத்துக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1933 செப்டம்பர் 8ஆம் தேதி பிறந்தவர் வைத்தியேஸ்வரன் ராஜாராமன். டெல்லியில் பி.எஸ்ஸி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா என்று படித்து, 1961இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்தார். அந்த நாட்களில் அங்கே படித்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவது ஒன்றும் ஆச்சரியமில்லை. இவர் திரும்பி வந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். 1963இல் அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் அங்கே ஒரு ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பெரிய மேஜை அளவு. அடிப்படை மாடலில் நினைவகம் 20,000 இலக்கங்கள்தான். கிலோபைட்டு, மெகாபைட்டு என்ற பேச்சே கிடையாது, நாம் எழுதுகிற 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள்! இன்னொரு விசித்திரம், இதற்குக் கூட்டல் போடத் தனிச் சர்க்யூட் கிடையாது. நாம் சின்ன வயதில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ததுபோல, கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் வைத்திருந்து, அதைப் பார்த்துப் பார்த்து விடை சொல்லும். அதனாலேயே 'இதுக்குக் கூட்டவும் தெரியாது, கூட்ட முயற்சியும் பண்ணாது' என்று அந்த நாள் புரோகிராமர்கள் கேலி செய்வார்களாம்.

அந்த மெஷினை வைத்துக்கொண்டுதான் கான்பூரில் பொறியியல் மாணவர்களுக்கு புரோகிராமிங் பாடம் நடந்தது. சிவில் ஆனாலும் மெக்கானிக்கல் ஆனாலும் படிக்க வேண்டும். 1965இல் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.டெக். படிப்பும் தொடங்கியது. இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு முறையான படிப்பு ஆரம்பித்தது அங்கேதான். மற்ற கல்லூரி ஆசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள், கம்பெனிக்காரர்களுக்கும் சில நாள் தீவிரப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். கம்ப்யூட்டரையே முதல் தடவை பார்க்கிறவர்கள் பலர் அதில் இருந்திருப்பார்கள்.

வகுப்பு நடத்தும்போதுதான் அந்த முதல் கேள்வி வந்திருக்க வேண்டும்: எந்தப் புத்தகத்தைப் படிப்பது? வெளிநாட்டுப் புத்தகங்கள் இருந்தன, விலைதான் யானை விலை. ராஜாராமன் தானே எழுதினார். 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' 1969இல் வந்தது. பிறகு ஃபோர்ட்ரான், எண்முறைக் கணிதம், சிஸ்டம் அனாலிசிஸ், கம்ப்யூட்டர் அடிப்படைகள் என்று அடுத்தடுத்துப் புத்தகங்கள். மாணவன் கையில் இருக்கும் காசுக்கு வாங்கக்கூடிய விலையில் வந்த இந்தியப் பதிப்புகள் அவை. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த எந்தக் கல்லூரி நூலகத்திலும் அட்டை கிழிந்து, ஓரத்தில் பேனாக் கிறுக்கலோடு ஒரு 'ராஜாராமன்' இருக்கும். ஆசிரியர் பெயரே புத்தகத்தின் பெயராக மாறிவிட்டது. 'ராஜாராமன் படிச்சியா?' என்றால் ஆளைப் பற்றிய கேள்வி இல்லை, பாடத்தைப் பற்றிய கேள்வி.

இந்தப் புத்தகங்களில் இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர் பக்கத்தில் இல்லாதவனும் படிக்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் காலத்து லேப் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புரியும்.

1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்தக் காலத்துக்கு அது ராட்சத மெஷின். மாணவன் அந்த மெஷினைத் தொட முடியாது. புரோகிராமை முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு பஞ்ச் மெஷினில் உட்கார்ந்து ஒரு வரிக்கு ஒரு அட்டை என்று துளை போட வேண்டும். ஒரு அட்டையில் 80 பத்திகள். ஃபோர்ட்ரான் என்றால் முதல் ஐந்து பத்தி வரி எண்ணுக்கு, ஆறாவது பத்தி முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று காட்ட, ஏழிலிருந்து 72 வரைதான் நாம் எழுதும் கட்டளை. ஒரு பத்தி தள்ளிப் போட்டால் போச்சு. கட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கவுன்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ பிரின்ட் அவுட் வரும், 'ஒரு கமா குறைகிறது' என்று! ஒரு கமாவுக்கு ஒரு நாள். கட்டு கீழே விழுந்து அட்டைகள் சிதறினால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். அடுக்கி வைத்த கட்டின் மேல் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் குறுக்காக ஒரு சாய்கோடு. அட்டைகள் கலைந்தால் அந்தக் கோடு நேராக வரும்வரை திரும்ப அடுக்க வேண்டியதுதான்.

இதனால் அவர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. மெஷினிடம் கொடுப்பதற்கு முன்னால் தானே மெஷினாக மாறி, தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பது. 'டிரை ரன்' என்று இன்றைக்கும் வைவாவில் கேட்கிறார்களே, அதேதான். இன்று ஒரு நிமிடத்தில் பத்துத் தடவை 'ரன்' பட்டனை அழுத்துகிறவர்களுக்கு இது தண்டனை மாதிரித் தெரியும். ஆனால் அட்டைக் காலத்து ஆட்களிடம் புரோகிராமைக் கொடுத்தால் கண்ணாலேயே தப்பைப் பிடிப்பார்கள். அதற்காக அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று சொல்லிவிட முடியாது. அட்டைகூடக் கிடைக்காத ஊர்க்காரன் எத்தனை பேர் இந்தப் பக்கமே வராமல் போனானோ, அதற்குக் கணக்கு யாரும் வைக்கவில்லை.

1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போனது. பங்குகளை இந்தியர்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஆட்கள் மட்டும் மேலும் மேலும் தேவைப்பட்டார்கள். எத்தனை பேர் தேவை, அவர்களை எங்கிருந்து கொண்டுவருவது என்று பார்க்க மின்னணுவியல் ஆணையம் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் அதே ராஜாராமன். அந்தக் குழு சொன்ன வழியில் 1982இல் பிறந்ததுதான் எம்.சி.ஏ. பொறியியல் சீட் கிடைக்காமல் பி.எஸ்ஸி. கணிதமோ இயற்பியலோ படித்த சின்ன ஊர் மாணவனுக்கு இந்த மூன்றெழுத்து திறந்த கதவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்று சாஃப்ட்வேர் கம்பெனிகளில் மூத்த பதவியில் இருக்கும் தமிழர்களிடம் விசாரித்தால், 'நான் எம்.சி.ஏ.' என்று சொல்கிறவர்கள் நிறைய. ராஜாராமனுக்கு 1998இல் பத்மபூஷண் கிடைத்தது. 2025 நவம்பரில் பெங்களூருவில், 92 வயதில் காலமானார்.

1980களில் கம்ப்யூட்டர் மெதுவாக மேஜைக்கு வந்தது. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின. 250 பள்ளிகள், இவ்வளவு பெரிய தேசத்துக்கு! மீதிப் பேருக்கு கம்ப்யூட்டர் என்பது சினிமாவில் விளக்கு எரிந்து எரிந்து அணையும் ஒரு பெட்டி.

அந்த மீதிப் பேருக்கு ஆசிரியராக இருந்தவர் சுஜாதா என்று சொன்னால் மிகையில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தவர். நாம் ஓட்டுப் போடும் எலக்ட்ரானிக் வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் இவருடைய பங்கு உண்டு. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற பகுதியில் வாசகர்கள் கேட்ட அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', 'கம்ப்யூட்டரே ஒரு கதை சொல்லு' என்று புத்தகங்களும் வந்தன. 'என் இனிய இயந்திரா'வில் வந்த ஜீனோ என்ற ரோபாட் நாயைப் பார்த்து இன்ஜினியரிங் ஆசை வந்தவர்களும் உண்டு.

சுஜாதாவின் இந்தக் கேள்வி பதில்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், 'மேலோட்டம்' என்று. மேலோட்டம்தான். ஆனால் அதுவரை தமிழில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வியைத் தபாலில் போட ஒரு விலாசமாவது இருந்ததா? ராஜாஜியின் சங்கம் சொல் கண்டுபிடித்தது. சுஜாதா அந்தச் சண்டைக்கே போகவில்லை. 'சிலிக்கன் சில்லு' என்று பாதி தமிழ், பாதி இங்கிலீஷில் சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போய்விடுவார். சொல் சுத்தமாக இருக்க வேண்டுமா, விஷயம் புரிய வேண்டுமா என்ற கேள்வியில் அவர் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே கிடையாது. 1990களில் 'தமிழ் கம்ப்யூட்டர்' போன்ற இதழ்களும், 'தினமலர்' நாளிதழின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் வந்தபிறகு, 'என் ஃப்ளாப்பி படிக்க மாட்டேங்குது, என்ன செய்ய?' என்பது வரை தமிழில் கேட்க முடிந்தது.

கேள்வியைத் தாளில் கேட்கலாம், சரி. கம்ப்யூட்டரிலேயே தமிழில் கேட்க முடியுமா? 1990களின் கடைசி வரை இது பெரிய தலைவலி. ஒரு எழுத்துருவில் இருக்கும் இடம் மொத்தம் 256. முதல் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மீதி 128 இடத்துக்குள் தமிழை அடைக்க வேண்டும். யார் எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்று ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் ஆளுக்கு ஒரு மாதிரி அடைத்தார்கள். இவர் எழுதியதை அவர் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். டிஸ்கி, டேப், டேம் என்று தரங்கள் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. கடைசியில் யூனிகோடு வந்துதான் பூச்சிகள் ஒழிந்தன.

இதைச் செய்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சிங்கப்பூரில் 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிய நா. கோவிந்தசாமி ஒரு ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். இலவச 'மயிலை' எழுத்துருவைத் தந்து, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் ஒரு வேதியியல் விஞ்ஞானி. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்ட மயூரநாதன் ஒரு கட்டடக்கலைஞர். மலேசியாவில் முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன், எ-கலப்பை தந்த முகுந்தராஜ் போன்ற தொழில்முறை ஆட்களும் இருந்தார்கள்தான். ஆனாலும் பாதி வேலை பொழுதுபோக்குக்காரர்கள் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து செய்தது. பாடத்திட்டத்தில் இல்லாத, மார்க் கிடைக்காத புராஜெக்ட்!

புராஜெக்ட் என்றதும் ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகள் பெருகிய 2000களில், ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்து தரப்படும்' என்று போர்டுகள் முளைத்தன. பணம் கட்டினால் புரோகிராம், ரிப்போர்ட், வைவாவுக்கு விடை எல்லாம் சேர்த்து ஒரு சி.டி.யில். பெரும்பாலும் லைப்ரரி மேனேஜ்மென்ட், பே ரோல், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட். மூன்று திரை, ஒரு டேட்டாபேஸ். மாணவனை மட்டும் குறை சொல்வது சுலபம். 'என்ன புராஜெக்ட் செய்யட்டும் சார்?' என்ற கேள்விக்கு கல்லூரியில் பதில் கிடைக்காதவன்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறான்.

அதே சமயத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையைப் புரட்டிப் போட்டபோது, காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எந்த ஊருக்கு என்ன தேவை என்று கணக்கு வைக்க வழியில்லை. இலங்கையின் கம்ப்யூட்டர் ஆட்கள் தன்னார்வலர்களாகக் கூடி சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் 'சஹானா', சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். எதில் எழுதினார்கள்? பி.எச்.பி., மைஎஸ்கியூஎல். நம் லைப்ரரி மேனேஜ்மென்ட்டுக்குப் போடும் அதே சாமான்கள்! அதே படிவம், அதே தேடும் பெட்டி, அதே பட்டியல். புத்தகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காணாமல் போன மனிதரின் பெயர். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹானாவுக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த விருதை வாங்கியது விக்கிப்பீடியா. அந்தப் பழக்கம் அங்கே மாணவர்களிடமும் இருந்தது. கூகுள் 2005இல் தொடங்கிய கோடைக்கால மாணவர் திட்டத்தின் முதல் பத்து வருடக் கணக்கில், உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்.

தமிழ்நாட்டிலும் இந்தப் பக்கம் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதாமாதம் கூடி, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று வைத்திருந்தது. 2011இல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. 2012இல் 'கணியம்' மின்னிதழ் வந்து, லினக்ஸையும் மைஎஸ்கியூஎல்லையும் 'எளிய தமிழில்' இலவசப் புத்தகங்களாகவே போட்டுவிட்டது. முத்து அண்ணாமலை 'எழில்' என்று ஒரு நிரல்மொழியையே உருவாக்கினார். அதில் திரையில் ஒன்றைக் காட்ட 'பதிப்பி' என்று எழுதினால் போதும்.

இப்போது மலைக்கு மேலே திரும்பினால், ஏற்காட்டைச் சுற்றிய கிராமங்களில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்வழி. பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தால் பாடப்புத்தகம் தமிழிலேயே உண்டு. ஒரு காலத்தில் அதில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. 2019இல் வந்த புதிய 12ஆம் வகுப்புப் புத்தகத்தில் பைத்தான். மாறி, மடக்கு, செயற்கூறு என்று அழகாகத் தமிழ்ச் சொற்கள் போட்டிருக்கிறார்கள். இலங்கையில் இதே பாடத்துக்கு 'தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்' என்று பெயர், உயர்தரப் பரீட்சையையே தமிழில் எழுதலாம். இங்கே அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைக் கொண்டுவந்தபோது சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும்தான் கொடுத்தது.

அதனால் மடக்கு என்று படித்த பெண் 20 வளைவுகள் இறங்கி, கீழே ஏதோ ஒரு கல்லூரியின் முதல் வகுப்பில் உட்காரும்போது, போர்டில் 'லூப்' என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. சொல்லாவிட்டால், ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள்.